துணித்தொழிலில் அறம் தேடிய காந்தியடிகள்

கங்கைகொண்ட சோழபுரத்தில் வாழும் யாம் பெரியார் ஒருவர் வரலாற்றை எழுதப் புகுந்தால், அது இராசேந்திர சோழன் வரலாறாகவே இருக்கும் என்று அன்பர்கள் கருதுதல் இயல்பே. கங்கைநீர் கொணர்வித்து, சோழகங்கம் என்னும் பேரேரி கண்டு, வானளாவிய கோயில் எடுத்த வேந்தன் அவன். அவன் புகழைக் கல்லும் செம்பும் கூறும், யாம் கூறவேண்டுவதில்லை. இவ்வூரைச் சூழ்ந்த ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் முதலிய ஊர்களில் தறியையே நம்பி வாழ்ந்துவந்த நம்மனோர்க்கு இன்று வேண்டுவது வேறொரு வகை வரலாறு. துணி செய்து விற்றுப் பிழைக்கும் தொழிலை ஒருவன் அறவழியில் நடத்தல் கூடுமா? கூடுமெனின் அதற்குரிய கணக்கு யாது? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்நாளிலே விடை தேடியவர் காந்தியடிகள். அவர்தம் அரசியற் செயல்களைச் சிறுவரும் அறிவர். அவர் துணித்தொழில் நடத்திய வரலாற்றை அறிந்தவர் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அடிகள் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கத்தியவாரைச் சேர்ந்த போர்பந்தரில் பிறந்தார். குலத்தால் வணிகர். ஆயினும் பாட்டனாரும் தந்தையாரும் சிற்றரசுகளில் அமைச்சராய் அமர்ந்தமையின் அவ்வீட்டில் தராசும் முழக்கோலும் இல்லை. 1888-இல் இலண்டன் சென்று சட்டம் பயின்று 1891-இல் மீண்டார். 1893-இல் ஒரு வணிகர் வழக்கின்பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றவர், அங்கேயே பல்லாண்டு தங்கினார்.

அங்கு 1904-ஆம் ஆண்டில், ஜோகானஸ்பர்க்கிலிருந்து தர்பனுக்குச் சென்ற இரயில் வண்டியில், இரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞரின் நூலொன்றைப் படித்தார். வழக்கறிஞன் உழைப்புக்கும் நாவிதன் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியது. படித்ததைப் பையில் வைத்துக்கொண்டு போகும் இயல்பினரல்லர் அவர். அவ்வாண்டே தர்பனை அடுத்த பீனிக்ஸ் என்னும் இடத்தில் நிலம் வாங்கித் தம் பத்திரிகையின் அச்சகத்தை அங்கே மாற்றினார். உழைப்போர் அனைவருக்கும், நிறமும் நாடும் பாராது, மாதம் 3 பவுன் என்னும் ஒரே ஊதியம் வகுக்கப்பட்டது. எல்லோரும் அதற்கு இசைந்தாரல்லர். இசையாதார் பழைய சம்பளத்திலேயே இருந்தனர். எனினும், ஒரு தொழிலை நடத்துவோன் முதலில் கேட்கவேண்டுவது இலாபம் எவ்வளவு என்பதன்று, உழைப்பவன் உண்ணப் போதுமானது எவ்வளவு என்பதே என்ற வழி அங்கே தோன்றியது.

1909-இல் அடிகள் எழுதிய இந்திய சுயராஜ்யம் என்னும் சிறுநூலில் கைத்தறியும் இராட்டையும் நாட்டின் வறுமைக்கு மருந்தாகக் கருதப்பட்டன. வியப்பு என்னெனில், அதுகாறும் அவர் தறியையோ இராட்டையையோ கண்ணாற் கண்டதாக நினைவில்லாதவர். 1915-இல் தாய்நாடு திரும்பி, அகமதாபாத்தை அடுத்த கோச்ரபில் ஆசிரமம் கண்டு, சில தறிகளை நாட்டினார். தறி இருந்தது, நெய்யத் தெரிந்தார் எவரும் இலர். பாலன்பூரிலிருந்து நெசவாளர் ஒருவர் வந்தார். அவர் தம் கலை முழுவதையும் கற்பிக்கவில்லை. சிலவற்றை மறைத்தே வைத்தார். நம் தொழிலிலும் இவ்வழக்கம் உண்டன்றோ? மகனுக்குச் சொல்லும் நுட்பத்தை மருகனுக்குச் சொல்லாத வீடுகள் நம்மிடையே இருந்தன. ஆயினும் அடிகளின் உறவினராகிய மகன்லால் காந்தி தளர்ந்தாரல்லர். கைவன்மை மிக்க அவ்விளைஞர் விரைவிற் கலை முழுவதையும் கைவரப் பெற்று, ஆசிரமத்தார் பலரையும் நெசவாளராக்கினார்.

தம் கையால் நெய்ததையே உடுப்பது என்பது ஆசிரமத்தார் நோன்பு. நெசவில் இறங்கிய பின்னரே அடிகள் நெசவாளர் வாழ்வை அறிந்தார். நூல் வாங்குவதில் அவர் படும் இடர், விற்பவர் செய்யும் வஞ்சனை, ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் கடன் ஆகிய இவையெல்லாம் அவருக்குப் புலனாயின. நம் நாட்டு ஆலைகள் அந்நாளில் மெல்லிய நூல் நூற்றல் அரிது. ஆதலின் நெசவாளர் அயல்நாட்டு நூலையே விரும்பினர். உள்நாட்டு நூலில் நெய்ய இசைந்த ஒரு சிலரும், நெய்த துணி அனைத்தையும் ஆசிரமமே வாங்கிக்கொள்ளல் வேண்டும் என்ற உறுதியைப் பெற்றே நெய்தனர். அத்துணியை அடிகளும் அன்பர்களும் சுமந்து விற்றனர். சிறிது காலத்தில் ஓர் உண்மை விளங்கிற்று. தாம் செய்வது ஆலைநூலுக்குக் கூலியில்லாத் தரகு வேலை என்பதே அது. நூல் பிறர் கையில் இருக்குங்காறும் தறி நம் கையில் இருந்தும் பயனில்லை என்று கண்டு, இராட்டையைத் தேடத் தொடங்கினார்.

தேடித் தந்தவர் கங்காபென் மஜும்தார் என்னும் கைம்பெண்மணி. 1917-இல் பரோச்சில் நிகழ்ந்த கல்வி மாநாட்டில் அவர் அடிகளைச் சந்தித்தார். குசராத்து முழுவதும் அலைந்து, பரோடா அரசைச் சேர்ந்த விஜாப்பூரில் பல வீடுகளின் பரணில் பழம்பொருளாய்க் கிடந்த இராட்டைகளைக் கண்டார். பஞ்சுத் திரியும் வாங்குவாரும் கிடைப்பின் நூற்கலாம் என அவ்வூர்ப் பெண்டிர் கூறினர். பம்பாயில் ஆலை வைத்திருந்த உமர் சோபானி முதலில் திரி அனுப்பி உதவினார். ஆலையின் திரியைக் கொண்டு கைந்நூல் நூற்பது முறையன்று என அடிகள் தெளிந்தார். ஆலைநூலை வாங்கலாகாதெனின் ஆலைத்திரியை மட்டும் வாங்கலாமோ? எனவே கங்காபென் பஞ்சு கொட்டுவான் ஒருவனை மாதக் கூலிக்கு அமர்த்தி, இளைஞர் சிலரைத் திரி செய்யப் பழக்கினார். இவ்வாறு பருத்தி முதல் ஆடை வரையுள்ள சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கைத்தொழிலாய் இணைந்தது.

ஆசிரமத்திற் செய்த முதற் கதர், கெஜம் 17 அணாவுக்கு அடங்கியது. அதாவது ரூபாய்க்கு மேலும் ஓரணா. துணியோ மிக முரடு. அகலம் 30 அங்குலமே. அடிகள் அவ்விலையை மறைத்தாரல்லர், குறைத்தாருமல்லர். ஆன செலவைச் சொல்லியே நண்பர்க்கு விற்றார். அவரும் மனமுவந்து வாங்கினர். பின்னர், 45 அங்குல அகலத்தில் வேட்டி ஒரு திங்களுள் கிடைக்காவிடின் தாம் முரட்டுக் குட்டை வேட்டியையே உடுத்தப்போவதாகக் கங்காபெனுக்கு அறிவித்தார். குறித்த காலத்துள் வேட்டி வந்தது. செய்வோனை நெருக்குமுன் தன்னை நெருக்கிக்கொள்ளும் முதலாளியை நாம் எங்கே கண்டுளோம்?

இதற்கிடையே 1918-இல் அகமதாபாத் ஆலைத்தொழிலாளர் கூலி வழக்கு எழுந்தது. பஞ்சாலை முதலாளியருள் முதல்வராகிய அம்பாலால் சாராபாய் அடிகளின் நண்பர். தொழிலாளர் பக்கம் நின்றவரோ அம்பாலாலின் உடன்பிறந்தாராகிய அனசூயாபென். தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். அடிகள் இருபுறக் கணக்கையும் ஆராய்ந்து 35 விழுக்காடே நேர்மை எனக் கண்டு, தொழிலாளரையும் அதற்கே இசைவித்தார். வேலைநிறுத்தம் தளர்ந்தபோது உண்ணாநோன்பு பூண்டார். மூன்றாம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. நடுவர் தீர்ப்பும் 35 விழுக்காடே ஆயிற்று. நண்பன் என்பதற்காகக் கூலியைக் குறைத்துக் கேளாமையும், ஏழை என்பதற்காகக் கணக்கை மிகுத்துக் கேளாமையும் இங்கே நோக்கத்தக்கன.

1921-ஆம் ஆண்டு நம் தமிழ்நாட்டுக்கு இவ்வரலாற்றில் தனியிடம் அளித்தது. அயல்நாட்டுத் துணியை விலக்குமாறு அடிகள் நாடெங்கும் பேசிவந்த காலம் அது. சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த வழியில், கதர் வாங்கும் ஆற்றல் தமக்கில்லை என்று ஏழை மக்கள் அவரிடம் உரைத்தனர். அவ்வுரையில் உண்மை இருந்தது. செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் அடிகள் மேற்சட்டையும் நீண்ட வேட்டியும் நீத்து அரையாடை பூண்டார். மறு ஆண்டு மார்ச்சில் அரசாங்கம் அவரைச் சிறைப்படுத்தி வழக்கு மன்றத்தில் நிறுத்தியபோது, தம் தொழில் உழவும் நெசவும் என்றே பதிவு செய்வித்தார். பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் நம் தொழிலைத் தம் தொழிலெனச் சொல்லிக்கொண்டது நமக்குப் பெருமையே. ஆயின் பெருமையோடு நின்றுவிடுதல் ஆகாது.

1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய சர்க்கா சங்கம் நிறுவப்பட்டது. பொதுமக்கள் ஈந்த பொருளே அதன் முதல். பங்கும் இல்லை, பங்குக்கு ஈவும் இல்லை. ஊர்தோறும் நிலையங்கள் பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கும். நூலை நெசவாளரிடம் தந்து துணி பெறும். துணியைக் கதர்க்கடைகளில் விற்கும். தமிழ்நாட்டில் திருப்பூர் இதன் பெருநிலையமாயிற்று. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவ்வாண்டே இராசாசி நிறுவிய காந்தி ஆசிரமமும் வறட்சியால் வாடிய சிற்றூர்ப் பெண்டிர்க்கு இராட்டை தந்தது.

இயந்திரம் என்றாலே அடிகள் வெறுத்தார் என்பது பிழையான கருத்து. 1929-இல் சர்க்கா சங்கம் சிறந்த இராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. அதன் விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. சிற்றூர்ப் பெண்ணொருத்தி களைப்பின்றி நாள்முழுதும் இயக்கத்தக்கதாதல் வேண்டும் என்பன நிபந்தனைகள். வீட்டிலிருந்து உழைப்பாளியை வெளியேற்றாத இயந்திரத்தையே அவர் வேண்டினார். 1931-இல் இலண்டன் சென்றபோது, கதரியக்கத்தால் வேலையிழந்ததாகக் கூறப்பட்ட இலங்காஷயர் ஆலைத்தொழிலாளரை அவரூர்க்கே சென்று கண்டார். அவர் துன்பத்தை மறுக்காமல், இந்தியச் சிற்றூர்களின் பெருந்துன்பத்தை எடுத்துரைத்தார். பகைவராதற்குரிய அவர்களே அவரை அன்புடன் வரவேற்றனர்.

இனி, யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு முதற் காரணமாகிய நிகழ்ச்சிக்கு வருவாம். அது 1935-ஆம் ஆண்டினது. சர்க்கா சங்கம் பத்தாண்டு நடந்துவிட்டது. துணி விற்கிறது, கடைகள் பெருகுகின்றன, விலையும் முன்னினும் குறைந்துளது. தொழில் நடத்துவோர் மகிழ்தற்குரிய நிலை. அப்பொழுது அடிகள் கணக்குப் புத்தகத்தின் அடிவரியை நோக்கினார். எட்டு மணிநேரம் நூற்ற பெண்ணுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஓரணா. நெசவாளன் பெற்றது அதனினும் பன்மடங்கு. கதர் மலிவானது யாரால்? நூற்றவள் வயிற்றால். ஏழையைக் காக்கவென்று தோன்றிய நிலையமே ஏழையின் உழைப்பை மலிவாக வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. பிறர் ஆலையிற் கண்ட குற்றத்தைத் தம் நிலையத்திலே கண்டபோது அடிகள் அதனை மூடி மறைத்தாரல்லர். தம் பத்திரிகையில் வெளிப்படையாகவே எழுதினார்.

ஒரு மணிநேர உழைப்பு எவருடையதாயினும் ஒரே மதிப்புடையது என்றும், எட்டு மணிக்கு எட்டணா தரப்படவேண்டும் என்றும் அவர் விரும்பினார். உடனுழைத்தோர் நடுங்கினர். கூலி ஏறின் விலை ஏறும். விலை ஏறின் விற்பனை குன்றும். குன்றின் நூற்பவளுக்கு உள்ள ஓரணாவும் போம் என்பது அவர் வாதம். அது பொய்வாதம் அன்று. எட்டணா என்பது நிறைவேறவில்லை. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் வார்தாவிற் கூடிய சங்கத்தின் நிருவாகக் குழு, நூற்பவர் அனைவருக்கும் குறைந்த அளவுக் கூலி ஒன்றை உறுதி செய்தது. அதன் அளவுகோல் சந்தை விலையன்று. உடல் வாழப் போதிய உணவு எவ்வளவு, ஆண்டுக்கு 20 கெஜம் உடைக்கு ஆவது எவ்வளவு எனக் கணக்கிட்டு, அதனை எட்டு மணிநேர நல்லுழைப்புக்கு ஈடாக்கினர். முதலிற் கூலி, பிறகு விலை என்று கணக்கு தலைகீழாயிற்று.

அஞ்சியவை சில நிகழவே செய்தன. விலை ஏறிற்று, சில இடங்களில் நூற்போர் தொகையைச் சுருக்கவும் நேர்ந்தது. அறத்துக்கு விலை இல்லை என்பார் இதனை எண்ணிப்பார்க்க. ஆயின் மற்றொரு பயனும் விளைந்தது. கூலி உயர்ந்தமையின் நல்ல நூலைக் கேட்டுப் பெறும் உரிமை நிலையத்துக்கு வந்தது. பஞ்சு கொட்டுதலும் நூற்றலும் திருத்தமாய்க் கற்பிக்கப்பட்டன. மலிவுக் கூலியில் மறைந்து கிடந்த சோம்பலும் பிழையும் வெளிப்பட்டுத் திருந்தின.

நெசவாளர் பக்கத்துக் குறையையும் கூறாது விடின் வரலாறு முழுமையுறாது. கைந்நூல் அடிக்கடி அறும். கஞ்சி மிகுதியும் வேண்டும். ஒரு நாட் பாவு இரு நாட் கொள்ளும். ஆதலின் நம்மனோர் பலர் ஆலைநூலையே பற்றினர். அவர்க்குச் சர்க்கா சங்கத்தில் இடமில்லாமற் போயிற்று. தம் குலத்தொழிலை அடிகள் புறக்கணித்தார் என்று அவருட் பலர் வருந்தினர். அவ்வருத்தம் அடிப்படையற்றதன்று. எனினும், இரண்டாம் உலகப் போரின்போது ஆலைநூல் அருகிப்போய்த் தறிகள் ஓய்ந்து, நெசவாளர் வீடுகளில் அடுப்பெரியாத காலத்தில், நூல் பிறர் கையில் இருப்பதன் தீமை பற்றி அடிகள் எச்சரித்தது பலர்க்கும் விளங்கிற்று.

1944-இல் விந்தையான வழக்கொன்று முடிந்தது. சர்க்கா சங்கம் வணிகம் செய்கிறது. ஆதலின் வருமானவரி கட்டவேண்டும் என்பது வரி அதிகாரிகள் கொள்கை. இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. வாங்கி விற்பினும் அதன் நோக்கம் ஏழையின் துயர் தீர்த்தலே; ஆதலின் அது அறநிலையமே எனத் தீர்ப்பளித்தது. அயலார் நடத்திய மன்றமே, ஒரு கடையின் பேரேட்டைப் பார்த்து இது அறம் என்று ஒப்பிய செய்தி இது.

1948-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் அடிகள் டில்லியிற் சுடப்பட்டு மறைந்தார். 1957-இல் கதர்க் கிராமத்தொழில் ஆணையம் அமைந்தது. கதர் நிலையமாயிருந்த திருப்பூர் இன்று உலகெங்கும் பனியன் அனுப்பும் நகராய் விளங்குகின்றது. துணியின் வகை மாறிற்று. தொழிலின் அளவு மாறிற்று. ஆயின் 1935-இல் எழுந்த வினா இன்னும் விடைபெறாமலே நிற்கிறது.

அவ்வினாவை நாம் அயலாரிடம் கேட்குமுன் நம் வீட்டில் கேட்டல் வேண்டும். ஒரு சேலை தறியிலிருந்து இறங்குகிறது. கூலி சேலைக்கு இவ்வளவு எனத் தறியில் அமர்ந்தவர் கையில் வருகிறது. அச்சேலைக்கு நூல் இழைத்தவர் யார்? தார் சுற்றியவர் யார்? பாவுக்கு முறுக்கும் கஞ்சியும் சேரக் கைகொடுத்தவர் யார்? பெரும்பாலும் அன்னையும் மனைவியும் மகளும். அவர் உழைப்புக்குத் தனிக் கணக்கு நம் ஏடுகளில் எங்கும் இல்லை. வெளியூர் வணிகர் நமக்குக் குறைந்த கூலி தருகின்றனர் என நாம் குறைகூறுகின்றோம், அக்குறை உண்மையே. ஆயின் ஓரணாவும் பெறாத நூற்பவள் ஒருத்தி நம் திண்ணையிலேயே இருக்கின்றாள். நம் மரபினருள் பத்துத் தறி, இருபது தறி வைத்து நடத்தும் செல்வர்களும் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.

பத்துத் தையல் இயந்திரம் வாங்கி ஆயத்த ஆடைத்தொழில் தொடங்க எண்ணும் நம் இளைஞர்க்கும் இதுவே கூறுவோம். தொழில் சிறிதாயிருத்தலாலேயோ, உள்ளூரில் நடத்தலாலேயோ அறமாகிவிடாது. ஆசிரமத்துத் தறியும் சிறியதே. சர்க்கா நிலையமும் உள்ளூரதே. அங்கும் அநீதி புகுந்தது. அதனை வெளியேற்றியது அடிகளின் கணக்குப் பார்வை ஒன்றே. பொத்தான் தைக்கும் பெண்ணுக்கு வாழப் போதிய கூலி யாதென முதலிற் கணக்கிடுக. பின்னர் நூல், துணி, மின்சாரம், வாடகை கூட்டுக. இறுதியில் விலை கூறுக. அவ்விலைக்கு வாங்குவார் சிலரேயாயின், அச்சிலர்க்கே தைக்க. 17 அணாக் கதரும் சிலராலேயே முதலில் வாங்கப்பட்டது.

நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கூலிச் சீட்டில் நெசவுக் கூலி ஒரு வரியில் எழுதப்படுகின்றது. அதனைப் பிரித்து, பாவு வேலைக்கு ஒரு வரி, தார் சுற்றுதலுக்கு ஒரு வரி, நெசவுக்கு ஒரு வரி என எழுதும் வழக்கத்தை உறுப்பினர் வீடுகளில் தொடங்கச் செய்வாராக. தொகை கூடாவிடினும், உழைத்தவர் பெயர் கணக்கில் ஏறும். பெயர் ஏறிய பின்னர்க் கூலி கேட்டல் எளிது.